சாப்பாடு கூடவில்லை, எடை மட்டும் கூடுகிறது: மாத்திரை காரணமாக இருக்குமா?

கேள்வி, 9 ஜூன் 2024

அம்மாவுக்கு 57 வயது, விருதுநகர் பக்கம் கிராமம். போன தீபாவளிக்குப் பிறகு 11 கிலோ கூடியிருக்கிறது. சாப்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை, ராத்திரிக்கு இரண்டு இட்லிதான். தைராய்டு பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டரிடம் போனால் "வாயைக் கட்டுங்க, நடங்க" என்பதோடு சரி. மாத்திரையால் எடை கூடுமா, இல்லை சும்மா சாக்கு சொல்கிறோமா?

9 ஜூன், இரவு

கூடும். சாக்கு கிடையாது.

எனக்கு ஒற்றைத் தலைவலிக்கு ஃபுளூனாரிசின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். தலைவலி நன்றாகவே குறைந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். கூடவே ஒரு பசி வந்தது பாருங்கள், ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தாலும் பதினொரு மணிக்கு மறுபடி வயிறு கேட்கும். ஜாக்கெட்டைத் தையல் பிரித்துப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த டெய்லர் அக்கா, இனிமேல் பிரிக்க உள்ளே துணி இல்லை என்று ஒருநாள் கையை விரித்துவிட்டார். வீட்டிலும் சரி, தெருவிலும் சரி, எல்லோரிடமும் ஒரே விளக்கம்தான்: கல்யாணம் ஆனால் உடம்பு போடத்தான் செய்யும். இந்த மாத்திரைக்குப் பசியும் எடையும் கூடும் என்பது தெரிந்த விஷயம், மருந்தோடு வரும் மடித்த தாளில் அச்சடித்தே இருக்கிறது. ஆனால் நமக்கு எங்கே அந்தத் தாள் கிடைக்கிறது? கடையில் அட்டையைக் கத்தரித்துப் பத்து மாத்திரை கவரில் போட்டுக் கொடுப்பார்கள், தாள் பெட்டியோடு போய்விடும்.

அதனால் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அம்மா சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டி, ஒவ்வொன்றின் அட்டையிலும் கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். எப்போது ஆரம்பித்தது, எப்போது அளவைக் கூட்டினார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மாத்திரை என்று நினைக்காததையும் விடாதீர்கள்: ஊசி, களிம்பு, டானிக், சூரணம், மூச்சுக்கு இழுக்கும் மருந்து, எல்லாம்.

10 ஜூன், காலை

பட்டியல் பார்த்தேன். மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடு, அம்லோடிபின்.

மெட்ஃபார்மின் எடையைக் கூட்டுவதில்லை, சிலருக்குக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். கிளிமிப்பிரைடு கூட்டும். கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை அது. அதுவரை சிறுநீரில் போய்க்கொண்டிருந்த சர்க்கரை உடம்பிலேயே தங்கும், நடுவில் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கி உடனே எதையாவது வாயில் போடச் சொல்லும். ஆனால் எவ்வளவு கூட்டும் என்பதுதான் கேள்வி. 1998இல் வெளியான பிரிட்டன் சர்க்கரை நோய் ஆய்வில், இதே வகை பழைய மாத்திரையான கிளிபென்கிளமைடு சாப்பிட்டவர்களுக்கு, உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருந்தவர்களைவிடப் பத்து வருடத்தில் சராசரியாக 1.7 கிலோதான் அதிகம் ஏறியது. இன்சுலின் போட்டவர்களுக்கு 4 கிலோ. ஏழெட்டு மாதத்தில் 11 கிலோவுக்கு இந்தக் கணக்கு போதவில்லை.

அம்லோடிபினுக்குக் கணுக்கால் வீங்கும். கொழுப்பு இல்லை அது, நீர். சாயங்காலம் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து அப்படியே நின்றால் நீர். அதுவும் இவ்வளவு எடையைத் தராது.

அம்மாவின் பழைய போட்டோவையும் இப்போதைய போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகம் மட்டும் தனியாக உருண்டிருக்கிறதா? பிடரிக்குக் கீழே மேடு தட்டியிருக்கிறதா? வயிறு பெருத்து, கையும் காலும் மெலிந்திருக்கிறதா? இதற்குப் பதில் வந்தால்தான் மேலே பேச முடியும்.

10 ஜூன், மதியம்

தைராய்டை மறுபடி பாருங்கள் என்று ஒருவர் சொல்கிறார். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் தைராய்டு குறைவதால் ஏறும் எடை பெரும்பாலும் உப்பும் நீரும்தான், அதுவும் மூன்று நான்கு கிலோ அளவில். ரிப்போர்ட் சரியாக இருந்தும் எல்லா எடையையும் தைராய்டு கணக்கில் எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறோம், அதுதான் என் கவலை.

12 ஜூன்

உங்கள் பதிலைப் படித்ததும் பகீர் என்றது. முகம் உருண்டிருக்கிறது, கை குச்சியாகிவிட்டது, அடிவயிற்றில் கருஞ்சிவப்பாக அகலமான வரிகள், லேசாக இடித்தாலும் கன்றிப் போகிறது, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அப்புறம் கடைசி வரியில், ஏதோ முக்கியமில்லாத விஷயம் மாதிரி, "முட்டி வலிக்கு ஒரு வருடமாக மூலிகைப் பொடி சாப்பிடுகிறார், தெரிந்தவர் வாங்கித் தருவார், பாக்கெட்டில் பெயர் எதுவும் இல்லை, ஆனால் சாப்பிட்டதும் வலி போய்விடும்".

சாப்பிட்டதும் வலி போகிற பொடி என்றால் அதற்குள் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசொலோனோ பொடித்துக் கலந்திருப்பார்கள். நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை இது. 2022இல் அமெரிக்காவில் மூட்டு வலிக்கு இயற்கைப் பொருள் என்று விற்ற ஆர்த்ரி கிங் என்ற மாத்திரையைச் சோதித்தபோது, லேபிளில் சொல்லாத டெக்சாமெத்தசோனும் டைக்ளோஃபெனக் என்ற வலி மருந்தும் அதில் இருந்தன. அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதே வருடத்தில் திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

அம்மா ஏன் அதை நம்பினார் என்று அவரைத் திட்டாதீர்கள். ஸ்டீராய்டு வலியை எடுக்கும் வேகம் அப்படி. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு இளம்பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி போட்டார், சில நாளிலேயே அவர் எழுந்து நடந்தார். அதற்காக 1950இல் ஹென்ச்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. முகம் உருளுவதும் உடம்பு ஊதுவதும் போகப் போகத்தான் தெரியவந்தது. மருந்து கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆஸ்துமாவிலும் சிறுநீரக நோயிலும் உயிரைக் காப்பாற்றுகிற மருந்து. என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் வருடக்கணக்கில் சாப்பிட வைப்பதுதான் கொடுமை.

பொடியை இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். தலைகீழாகச் சொல்கிறேன் என்று தோன்றும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு சில வாரங்களுக்கு மேல் வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறங்கி மயக்கம், உயிருக்கே ஆபத்து என்று போகலாம். நாளைக் காலையிலேயே பொடிப் பாக்கெட்டோடு ஒரு பொது மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பாருங்கள். "இதில் ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகம், காலையில் எடுக்கிற கார்டிசால் ரத்தப் பரிசோதனை வேண்டுமா" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். கார்டிசால் என்பது அந்த அட்ரீனல் சுரப்பி தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு.

12 ஜூன், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். கிளிமிப்பிரைடு அளவை ஜனவரியில் கூட்டினார்கள் என்று பட்டியலில் எழுதியிருந்தீர்கள். ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அப்படியென்றால் பொடியால் சர்க்கரை ஏறியிருக்கும், சர்க்கரைக்காக மாத்திரை கூடியிருக்கும், மாத்திரையால் பசியும் எடையும் கூடியிருக்கும், எடையால் முட்டி இன்னும் வலித்து அதற்காகப் பொடியும் கூடியிருக்கும். தரையிலிருந்து எழ முடியாததை முட்டி வலி என்றே நினைத்திருப்பீர்கள், அது ஸ்டீராய்டு தொடைத் தசையைக் கரைத்ததாலும் இருக்கலாம். சர்க்கரைக்குப் பார்க்கிறவருக்குப் பொடி தெரியாது, பொடி கொடுத்தவருக்குச் சர்க்கரையைப் பற்றிக் கவலை இல்லை. நடுவில் அந்த அம்மா, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். எழுதும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இன்னொன்று. ஸ்டீராய்டைக் குறைக்கும்போது சர்க்கரையும் இறங்கும். கூட்டி வைத்த கிளிமிப்பிரைடு அப்படியே இருந்தால் தாழ்சர்க்கரை வந்து மயங்கிவிடலாம். இரண்டையும் ஒரே மருத்துவர் பார்த்து ஒன்றாகக் குறைக்க வேண்டும்.

15 ஜூன்

சித்த மருத்துவத்தைக் கேவலப்படுத்துகிறேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். இல்லை ஐயா. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது, முறையாகப் படித்த சித்த மருத்துவர் அங்கே உட்கார்ந்து பார்க்கிறார். உரிமம் பெற்ற மருந்து என்றால் லேபிளில் உரிம எண், தயாரித்த தேதி, உள்ளே இருக்கும் சரக்கின் பெயர் எல்லாம் இருக்கும். நான் சொல்வது பெயர் இல்லாத பாக்கெட்டை.

அதே நியாயத்தில் இங்கிலீஷ் மருந்துக் கடையையும் கேட்பேன். உடம்பு வலி என்று போய் நின்றால் "செட்" போட்டுக் கொடுக்கிறார்களே, காகிதப் பொட்டலத்தில் மூன்று வேளைக்கு, மஞ்சளில் ஒன்று, ரோஸில் ஒன்று, கூடவே பொட்டு மாதிரி குட்டியாக வெள்ளையில் ஒன்று. அந்தக் குட்டி வெள்ளை பல சமயம் ஸ்டீராய்டுதான். ஒருதடவை சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. நாற்று நடவு, களையெடுப்பு என்று வேலைக்குப் போகிறவர்கள் சீசன் முழுக்கத் தினமும் அந்தப் பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள். என் சித்தியும் அப்படித்தான். அவருக்கு முகம் ஊதியபோது நாங்கள் எல்லோரும் "வெளுத்து, பளபளன்னு ஆயிட்டீங்க" என்று பாராட்டிக்கொண்டிருந்தோம்.

தோல் களிம்பும் இதில் சேர்த்திதான். படைக்கும் கருமைக்கும் கடையில் கேட்டு வாங்கித் தடவும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பை உடம்பில் நிறைய இடத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் வழியாக உள்ளே போகும். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம்.

19 ஜூன்

இதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். தம்பிக்கு 24 வயது, மனநோய்க்கான ஓலான்சபின் மாத்திரை ஆரம்பித்து ஆறு மாதத்தில் 14 கிலோ ஏறியிருக்கிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார் ஒரு அண்ணன்.

நிறுத்தாதீர்கள். முதலில் அது.

அவன் சோம்பேறியாகிவிட்டான், ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டே நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பசி அவனுடைய ஆசை இல்லை. மூளையில் போதும் என்று சொல்லும் இடத்தில் ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் ஏற்பிகளை இந்த மருந்து அடைக்கிறது, வயிறு நிறைந்த செய்தி போய்ச் சேர்வதில்லை. 2005இல் வெளியான அமெரிக்காவின் கேட்டி என்ற பெரிய ஆய்வில், ஓலான்சபின் எடுத்தவர்களுக்கு மாதத்துக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 0.9 கிலோ ஏறியது, 30 சதவீதம் பேருக்கு உடல் எடையில் 7 சதவீதத்துக்கு மேல் கூடியது. அதே ஆய்வில்தான் மற்ற மாத்திரைகளைவிட இந்த மாத்திரையில் அதிக காலம் தாக்குப்பிடித்தார்கள் என்பதும் வந்தது. வேலை செய்கிற மருந்து, ஆனால் அதற்கு உடம்பு விலை கொடுக்கிறது. தம்பி மறுபடி தூங்குகிறான், குரல் கேட்பது நின்றிருக்கிறது என்கிறீர்களே, அதை விட்டுவிட முடியுமா?

ஆனால் மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அரிப்பிபிரசோல் மாதிரி எடை குறைவாக ஏற்றும் மருந்துக்கு மெதுவாக மாற்ற முடியுமா, மெட்ஃபார்மின் சேர்க்கலாமா (சர்க்கரை இல்லாவிட்டாலும் இதற்காகக் கொடுப்பது உண்டு), சர்க்கரையும் கொழுப்பும் எப்போது பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த தடவை போகும்போது எடை எழுதிய தாளை மேஜையில் வையுங்கள். "குண்டாயிட்டான் டாக்டர்" என்று வாயால் சொன்னால் காற்றோடு போகும், மாதவாரியாகக் கிலோ எழுதிய தாளைப் பார்க்காமல் தள்ள முடியாது.

அப்புறம் வீட்டில் யாரும் அவனை உடம்பைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் பல பிள்ளைகள் மாத்திரையை ரகசியமாகத் தொட்டியில் போடுகிறார்கள்.

20 ஜூன்

"தண்ணி குடிச்சாலும் உடம்பு வைக்குது" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அக்கா, உங்கள் பட்டியலில் பயோகிளிட்டசோன் இருக்கிறது, அதனால் நீங்கள் சொல்வது அப்படியே உண்மை! சர்க்கரைக்கான அந்த மாத்திரை உடம்பில் நீரைத் தேக்கும், கொழுப்பையும் கூட்டும். இந்தியாவில் 2013 ஜூனில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பயத்தில் அதை நிறுத்தி வைத்தார்கள், ஜூலை கடைசியில் எச்சரிக்கையோடு மறுபடி அனுமதித்தார்கள். சிலருக்கு நன்றாகக் கேட்கிற மாத்திரைதான். ஆனால் இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு ஆகாது. ஒரு வாரத்துக்குள் இரண்டு கிலோ ஏறி, படுத்தால் மூச்சு வாங்கினால், அது எடைப் பிரச்சினை இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

2 ஜூலை

முதல் கேள்வி கேட்டவர் வந்து எழுதியிருக்கிறார், எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கார்டிசால் மிகவும் குறைவாக இருந்திருக்கிறது. பொடியை எடுத்துவிட்டு, அளவு தெரிந்த பிரெட்னிசொலோன் கொடுத்து, அதை வாரவாரம் குறைக்கப் போகிறார்களாம். கிளிமிப்பிரைடையும் பாதியாக்கிவிட்டார்கள். காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால் "ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்" என்று முதலில் சொல்ல ஒரு சீட்டு எழுதிப் பர்ஸில் வைக்கச் சொல்லியிருக்கிறார் அந்த மருத்துவர். நல்ல மருத்துவர்.

எடை எப்போது இறங்கும் என்று கேட்கிறீர்கள். முகம் முதலில் வற்றும், வயிறு மெதுவாகத்தான், மாதக்கணக்காகும். குறைக்கும் காலத்தில் அசதியும் மூட்டு வலியும் வந்து, "அந்தப் பொடியே தேவலை" என்று அம்மா கேட்பார். அந்த இடத்தில்தான் நீங்கள் கூட இருக்க வேண்டும்.

பொடியைப் பற்றிப் புகார் சொல்லவும் வழி இருக்கிறது. மருந்தால் வந்த தீங்கை நோயாளியே தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் தர ஆணையம் நடத்துகிறது. தமிழில் படிவமும் உண்டு.

5 ஜூலை

ஃபுளூனாரிசினைப் பற்றி முதலில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பெண் அதை நிறுத்தப் போவதாகச் சொல்கிறார். அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாற்றிக் கொடுத்தது டோபிரமேட். பசி அடங்கியது, எடையும் இறங்கியது. ஆனால் விரல் நுனியெல்லாம் மின்சாரம் மாதிரி குறுகுறுக்கும், பேசும்போது தெரிந்த சொல்லே வாயில் வராது, பன்னீர் சோடா குடித்தால் கேஸ் போன தண்ணீர் மாதிரி சப்பென்று இருக்கும். இந்தச் சோடா விஷயமும் அந்த மருந்தின் பக்கவிளைவுதான் என்று பின்னால்தான் தெரிந்தது. கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் டோபிரமேட்டோ, இதே தலைவலிக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட்டோ எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும், குழந்தைக்குக் குறைபாடு வரலாம்.

ஃபுளூனாரிசின் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரையும் இல்லை, வழக்கமாகச் சில மாதம் கொடுத்து நிறுத்திப் பார்ப்பார்கள். எப்போது நிறுத்துவது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய பிறகும் உடம்பை விட்டுப் போகப் பல வாரம் ஆகும், அதனால் பசி உடனே அடங்கவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

யோசித்துப் பார்த்தால், எனக்கு ஏறியதில் எவ்வளவு மாத்திரை, எவ்வளவு தலைவலிக்குப் பயந்து வீட்டிலேயே கிடந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் இருந்திருக்கும். மாத்திரை ஆரம்பித்த மாதமும் எடை ஏற ஆரம்பித்த மாதமும் ஒன்றாக இருந்தது, மாத்திரையை மாற்றியதும் எடை இறங்கியது. அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

21 ஜூலை

இரண்டு கேள்வி, சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அந்தரா ஊசி: ஆமாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தக் கருத்தடை ஊசியில் சிலருக்கு எடை கூடும், முதல் வருடத்தில் சராசரி இரண்டரைக் கிலோ அளவுக்கு. எல்லோருக்கும் இல்லை. ஒத்துவரவில்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே செவிலியரிடம் சொல்லி வேறு முறைக்கு மாறலாம், ஆனால் நடுவில் பாதுகாப்பில்லாமல் விட்டுவிடாதீர்கள்.

பசி டானிக்: மகனுக்கு ஐந்து வயது, சாப்பிடவே மாட்டேன் என்கிறான், பக்கத்து வீட்டில் சொன்ன டானிக்கைக் கொடுத்தால் நன்றாகச் சாப்பிடுகிறான், தொடரலாமா? பாட்டிலில் சைப்ரோஹெப்டடின் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அலர்ஜி மருந்து அது, பசியைக் கிளப்புவது அதன் பக்கவிளைவு. குழந்தை தூங்கி வழிவான், நிறுத்தினால் பசியும் போய்விடும். எடையை ஏற்றுவதற்காக நீங்களாகக் கொடுக்க வேண்டாம். வயதுக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று அங்கன்வாடியில் அட்டையில் குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள், பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள். ஆகஸ்ட்டில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுப்பார்கள், அன்றைக்கு லீவு போட்டுவிடாதீர்கள்.